வாடகை முற்பணம்: அது யாருடைய பணம்?

 

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியன. அவனது தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

வுளூ, தொழுகை, நோன்பு ஆகியவற்றின் சட்டங்களை ஆர்வத்துடன் கேட்டறியும் நாம், கொடுக்கல் வாங்கலின் சட்டங்களை அறிவதில் அந்தளவு ஆர்வம் காட்டுவதில்லை. குரல் உயர்ந்து, உறவு கசந்த பின்னரே, "இதற்கு மார்க்கம் என்ன சொல்கிறது?" என்ற கேள்வி பள்ளிவாசலை நாடி வருகிறது. அவ்வாறு வரும் கேள்விகளுள் ஒன்றுதான், வாடகை வீட்டை விட்டுச் செல்லும்போது முற்பணத்தில் செய்யப்படும் கழிவுகள் பற்றியது.

விடயம் எல்லோரும் அறிந்ததே. வீட்டுக்குக் குடிவரும் நாளில் சில மாத வாடகைக்குச் சமமான தொகையொன்று முற்பணமாகக் கொடுக்கப்படுகிறது. வீட்டை விடும் நாளில் சாவி கையளிக்கப்படுகிறது. அப்போது, "சுவருக்கு நிறம் பூச இவ்வளவு, தண்ணீர் மோட்டார் திருத்த இவ்வளவு, துப்புரவுக்கு இவ்வளவு" என்று வீட்டுக்காரர் கழித்துக்கொண்டு மிகுதியை மட்டும் தருகிறார். சில வேளைகளில் மிகுதியென ஒன்றும் இருப்பதில்லை. "இது அநியாயம்" என்கிறார் வாடகைக்காரர். "என் வீட்டைப் பாழாக்கிவிட்டுப் போகிறார்கள்" என்கிறார் வீட்டுக்காரர். அடுத்த வக்துத் தொழுகையில் இருவரும் ஒரே ஸஃப்பில் நிற்கின்றனர். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

வவுனியாவும் வாடகை வீடும்

வாடகை வீட்டின் அருமையையும் வேதனையையும் வவுனியா அறிந்த அளவுக்கு வேறு நகரங்கள் அறிந்திருக்குமா என்பது ஐயமே. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாகச் சொந்த வீட்டில் வாழ்ந்தோர் ஓரிரவில் கூரையற்றோராயினர். அவர்களுள் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் பிறருடைய காணிகளில் ஓலைக் கொட்டில்களில் தங்கினர். பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னிப் பெருநிலத்திலிருந்தும் இடம்பெயர்ந்த தமிழ்ச் சகோதரர்கள் இந்நகருக்கு வந்தனர். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்கள் நிரம்பி வழிந்ததை நாம் கண்டோம். போர் முடிந்த பின்னர் மீளத் திரும்பியோரும், தம் வீடு கட்டி முடியும்வரை வாடகைக்கு இருந்ததுண்டு.

இன்று குடிவருவோர் வேறு வகையினர். 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இயங்கிய கல்விநிலையம், 2021 ஓகஸ்ட் முதலாந் திகதி வவுனியா பல்கலைக்கழகமாகத் தனித்து எழுந்தது. பம்பைமடுவில் கற்கவரும் மாணவர்களும், இடமாற்றம் பெற்று வரும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும், கடைவீதியில் தொழில் செய்வோரும் வீடும் அறையும் தேடி வருகின்றனர். பட்டானிச்சூரிலும் குருமன்காட்டிலும் பூந்தோட்டத்திலும் ஓர் அறையைக் கட்டி வாடகைக்கு விட்டு, அவ்வருமானத்தில் வாழும் கைம்பெண்களும் முதியோரும் உள்ளனர். ஆகவே இது பணக்காரருக்கும் ஏழைக்கும் இடையிலான வழக்கன்று. பெரும்பாலும், இருப்பது குறைவான இருவருக்கு இடையிலான வழக்கு. அதனாலேயே இதில் நீதி தவறுவது இரு தரப்பையும் ஆழமாகக் காயப்படுத்துகிறது.

ஒரு சொல்லுக்குள் இரு பொருள்

பிணக்கின் முதல் வேர் 'முற்பணம்' என்ற சொல்லிலேயே உள்ளது. இச்சொல்லால் இரண்டு வேறு விடயங்களை மக்கள் குறிக்கின்றனர்.

முதலாவது, முன்கூட்டியே செலுத்தப்படும் வாடகை. ஆறு மாத வாடகையை ஒரே தடவையில் பெற்று, மாதந்தோறும் அதில் ஒரு பகுதியைக் கழித்துவருவது இவ்வகை. இப்பணம் வாடகையாகவே வீட்டுக்காரருக்கு உரியதாகிறது. குடியிருக்காத மாதங்களுக்குரிய பகுதி, உடன்பாட்டின்படி திரும்பக் கொடுக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, பிணையாக வைக்கப்படும் வைப்புப் பணம். வாடகை மாதந்தோறும் தனியே செலுத்தப்படும். வைப்புப் பணம் வீட்டை விடும்போது திரும்பிவர வேண்டியது. இது ஒரு நாளேனும் வீட்டுக்காரரின் சொந்தப் பணமாக ஆவதில்லை.

இதனைப் பிக்ஹின் நோக்கில் பார்ப்போம். வீட்டுக்காரர் இத்தொகையைத் தொடாமல் அப்படியே வைத்திருப்பாராயின் அது அவர் கையிலுள்ள அமானிதம். ஆனால் நடைமுறையில் யாரும் அவ்வாறு வைத்திருப்பதில்லை. வாடகைக்காரர் அறிய, அவர் சம்மதத்துடன் அது வீட்டு வேலைக்கோ, மகளின் திருமணத்துக்கோ, வியாபாரத்துக்கோ செலவாகிவிடுகிறது. அவ்வாறு செலவாகும்போது அது வீட்டுக்காரர் மீதான கடனாகிறது என்பதே தற்கால அறிஞர் பலரின் விளக்கம். அமானிதப் பொருள், வைத்திருப்பவரின் தவறின்றி அழிந்தால் அவர் பொறுப்பாளியல்லர். கடனோ எந்நிலையிலும் அழிவதில்லை. "வியாபாரத்தில் நட்டம், இப்போது பணம் இல்லை" என்று கூறுவோர் இதைக் கவனிக்க வேண்டும். உண்மையில் வசதியற்றவருக்கு அவகாசம் கொடுப்பது நற்செயல். ஆனால் கொடுக்க வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. புதிய வாடகைக்காரர் வந்து முற்பணம் தரும்வரை பழையவரை அலைக்கழிப்பது, ஒருவரின் கடனை மற்றொருவரின் பணத்தால் அடைக்கக் காத்திருப்பதேயாகும்.

எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கலாகாது?

வாடகைக்காரரின் கையை ஷாபிஈ சட்ட அறிஞர்கள் 'அமானிதக் கை' என அழைப்பர். வீடு அவரிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டுள்ளது. அவர் வரம்பு மீறினாலோ, பராமரிப்பில் அசட்டையாக இருந்தாலோ அன்றி, அதில் ஏற்படும் குறைக்கு அவர் நட்டஈடு கொடுக்க வேண்டியதில்லை. குடியிருப்பதற்காகவே வீடு கொடுக்கப்பட்டது. குடியிருந்தால் வீடு தேயும். அந்தத் தேய்மானத்தின் விலைதான் வாடகை. அதையே முற்பணத்திலும் கழிப்பது ஒரே பொருளுக்கு இருமுறை விலை பெறுவதாகும். நம் நாட்டின் பொதுச் சட்டத்துக்கு அடிப்படையான ரோமன் டச்சுச் சட்டமும் இதையொத்த முடிவையே கொண்டுள்ளது: வீட்டைப் பெற்ற நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும், நியாயமான தேய்மானம் இதற்கு விலக்கு.

ஹிஜ்ரி 676 இல் (கி.பி. 1277) வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்கள், அரபுக் கல்லூரிகளில் இன்றும் ஓதப்படும் தமது 'மின்ஹாஜ்' நூலில் இப்பொறுப்புகளை மிக நுணுக்கமாகப் பிரித்துக் காட்டியுள்ளார்கள். திமிஷ்க் நகரில் மாரிகாலத்தில் பனி கொட்டும். கூரை மீது குவியும் பனியை அகற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. முற்றத்திலுள்ள பனியையும் குப்பையையும் அகற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. சாவியை ஒப்படைப்பதும் வீட்டைத் திருத்திக் கொடுப்பதும் வீட்டுக்காரரைச் சார்ந்தவை. அவர் திருத்திக் கொடுக்காவிடின், உடன்பாட்டை முறித்துக்கொள்ளும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. இதன் உட்கருத்து தெளிவானது: கட்டடத்தின் உறுதி உரிமையாளரைச் சேரும், அன்றாடத் துப்புரவு குடியிருப்பவரைச் சேரும்.

நம் வவுனியாவில் பனி இல்லை, வேறு உண்டு. குரங்குகள் பாய்ந்து உடைக்கும் கூரை ஓடு, நிலைக்கதவை அரிக்கும் கறையான், நம் கிணற்று நீரின் கடினத்தன்மையால் குழாயிலும் மலசலகூடத்திலும் படியும் வெண்படிவு, வெயிலில் மங்கும் நிறப்பூச்சு ஆகியன குடியிருப்பவரின் குற்றங்களல்ல. இவற்றுக்காக முற்பணத்தில் கை வைப்பதற்கு நியாயமில்லை. ஆனால் ஓடு உடைந்ததை அறிந்தும் அறிவிக்காமல் இருந்து, மழைநீர் இறங்கிச் சீலிங் பலகை உக்கிப்போக விட்டவர் அசட்டைக்குப் பொறுப்பாளியாவார். கிணற்றில் நீர் வற்றியதைக் கண்டும் மோட்டாரை ஓடவிட்டு எரித்தவரின் நிலையும் அதுவே. பல ஆண்டுகள் ஓடிய பழைய மோட்டார் தானாகப் பழுதடைந்தால் அது தேய்மானம்.

கழிக்கத் தக்கவை வருமாறு: செலுத்தப்படாத வாடகை, வாடகைக்காரர் பாவித்த மின்சாரத்துக்கும் நீருக்கும் உரிய நிலுவை, அவரோ அவர் பிள்ளைகளோ விருந்தினரோ உடைத்த பொருள், அவர் கொண்டுசென்ற மின்குமிழ், விசிறி போன்ற வீட்டுக்குரிய பொருள்.

கழிக்கும்போதும் அளவு உண்டு. பழைய பொருளைச் சேதப்படுத்தியவர் புதிய பொருளின் முழு விலையைக் கொடுக்கக் கடமைப்பட்டவரல்லர். சேதத்தால் பெறுமதியில் ஏற்பட்ட குறைவையே ஈடுசெய்ய வேண்டும். இதனை 'அர்ஷ்' என்பர்.

ஓர் உதாரணம். ஒரு குடும்பம் 60,000 ரூபா வைப்புப் பணம் வைத்து மூன்று ஆண்டுகள் குடியிருந்தது. குடிவரும்போது சுவர் புதிதாக நிறம் பூசப்பட்டிருந்தது. பிள்ளைகள் சுவரெங்கும் கிறுக்கியுள்ளனர். மீண்டும் நிறம் பூச 36,000 ரூபா செலவாகும். நிறப்பூச்சு நான்கு ஆண்டுகள் நிற்கும் என்று இரு தரப்பும் ஏற்றுக்கொண்டால், மூன்று ஆண்டுகளின் பயன் ஏற்கனவே வாடகையால் ஈடாகிவிட்டது. எஞ்சிய ஓராண்டுக்குரிய 9,000 ரூபாவே கிறுக்கலால் இழந்த பெறுமதி. இத்துடன் நீர் நிலுவை 1,850, மின்சார நிலுவை 3,400, உடைந்த யன்னல் கண்ணாடி 2,500 ரூபா. மொத்தக் கழிவு 16,750 ரூபா. திருப்பிக் கொடுக்க வேண்டியது 43,250 ரூபா. இவ்வாறு காகிதத்தில் எழுதி, பற்றுச்சீட்டுகளுடன் காட்டினால் எந்த வாடகைக்காரர் முகம் சுளிப்பார்? "எல்லாம் சரியாகப் போய்விட்டது" என்ற ஒற்றை வாக்கியமே பகையை வளர்க்கிறது.

வேறொரு விடயமும் உண்டு. "வீட்டில் வரும் திருத்தச் செலவுகள் அனைத்தும் வாடகைக்காரரையே சாரும்" என்று உடன்பாட்டில் எழுதிக்கொள்வோர் உள்ளனர். வீட்டைத் திருத்தும் செலவை, இவ்வளவென வரையறுக்காமல் வாடகையாக ஆக்குவது செல்லாது என்பது ஷாபிஈ சட்டநூல்களின் நிலைப்பாடு. செலவு எவ்வளவு என்பது தெரியாதபோது வாடகையும் தெரியாததாகிவிடுகிறது. நிபந்தனை வேண்டுமாயின் தொகையை முன்னரே குறித்துக்கொள்ளுங்கள். ஹலாலான நிபந்தனைகளுக்கு முஸ்லிம்கள் கட்டுப்பட்டவர்கள் என்பது நபிவழி. ஆனால் எல்லையற்ற நிபந்தனை பிணக்கின் விதையாகும்.

குடியிருப்போரே, உங்களுக்கும் ஒரு சொல்

இதுவரை கூறியவற்றைக் கேட்டு வாடகைக்காரர் மகிழ்ந்திருக்கலாம். அவர்கள் பக்கத்திலும் தவறுகள் குறைவல்ல. கடைசி மூன்று மாத வாடகையைக் கொடுக்காமல், "முற்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று தாமாகவே தீர்ப்பளிப்போர் உள்ளனர். வீட்டுக்காரரின் சம்மதமின்றி இவ்வாறு செய்தால், சேதத்துக்கெனப் பிணை வைத்த பணம் சேதம் பார்க்கப்படும் முன்னரே தீர்ந்துவிடுகிறது. மின்கட்டணப் பட்டியலை மறைத்துச் செல்வோர், பேசிய கால அறிவித்தல் கொடுக்காமல் இரவோடிரவாகச் செல்வோர், அறிவிக்காமல் வேறு ஆட்களைக் குடியமர்த்துவோர் ஆகியோரும் பிறர் பொருளை உண்பவர்களே. வாடகை வருமானத்தில் மருந்து வாங்கும் ஒரு மூதாட்டியின் வீடாக அது இருக்குமாயின், நிலை என்னவென்று எண்ணிப் பாருங்கள்.

ஆதாரம் யார் மீது?

உரிமை கோருபவரே ஆதாரம் காட்ட வேண்டும். மறுப்பவர் மீது சத்தியமே உண்டு என்பது இஸ்லாமிய நீதியியலின் அடிப்படை. சேதம் என்று கூறிக் கழிக்க விரும்பும் வீட்டுக்காரரே அதை நிறுவ வேண்டும். எவ்வாறு நிறுவுவார்? குடிவந்த நாளில் வீடு இருந்த நிலை எழுதப்படாவிட்டால் இருவரிடமும் வெறும் வாய்வார்த்தையே எஞ்சும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு சூரத்துல் பகராவின் 282 ஆவது வசனம் ஏவுகிறது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் இதுவே என்பது சிந்தனைக்குரியது.

ஆகவே குடிவரும் நாளிலேயே பின்வருவனவற்றைச் செய்துகொள்ளுங்கள்:

1. கொடுத்த தொகை வைப்புப் பணமா, முன்வாடகையா என்பதைத் தெளிவாக எழுதிப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள்.

2. அறை அறையாகச் சென்று சுவர், கதவு, பூட்டு, குழாய், மோட்டார், மின்குமிழ் ஆகியவற்றின் நிலையை இருவரும் சேர்ந்து எழுதிக் கையொப்பமிடுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

3. மின்மானி, நீர்மானி வாசிப்புகளைக் குடிவரும் நாளிலும் விடும் நாளிலும் குறியுங்கள்.

4. எத்தனை நாள் முன்னறிவித்தல், எத்தனை நாளில் பணம் திருப்பிக் கொடுக்கப்படும் என்பவற்றை எழுதுங்கள்.

5. பழுது ஏற்பட்டால் அன்றே குறுஞ்செய்தி மூலமேனும் அறிவியுங்கள்.

சட்டப் பக்கத்தையும் அறிந்திருங்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளுடன் எழுதப்பட்டாலே சட்ட வலுப் பெறும். ஓராண்டு, ஈராண்டு என உடன்பாடு செய்வோர் கடையில் வாங்கிய படிவத்தை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

பிணக்கு எழுந்துவிட்டால்

முதலில் இருவரும் அமர்ந்து கணக்கைப் பாருங்கள். இணங்காவிடின், இரு தரப்பும் நம்பும் ஒருவரையும், விலை தெரிந்த ஒரு மேசனையும் அழைத்துச் சேதத்தை மதிப்பிடச் செய்யுங்கள். ஊர்ப் பள்ளிவாசல் நிருவாகத்தின் துணையையும் நாடலாம். வீட்டுக்காரர் முஸ்லிமாகவும் வாடகைக்காரர் மாற்று மதத்தவராகவும், அல்லது மறுதலையாகவும் இருப்பது இந்நகரில் சாதாரணம். மாற்று மதச் சகோதரரின் ஒரு ரூபாவை அநியாயமாகப் பிடித்துக்கொள்வதும் ஹராமே. அங்கு நம் மார்க்கத்தின் பெயரும் சேர்ந்தே கெடுகிறது.

அதற்கும் தீராவிடின், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபை உண்டு. அது தீர்ப்பு வழங்குவதில்லை. இணக்கம் காண உதவுகிறது. சட்டத்தரணிகளின் வாதமும் பெருஞ்செலவும் அங்கு இல்லை. சட்டம் குறித்த பெறுமதி எல்லைக்கு உட்பட்ட பணப் பிணக்குகள் நீதிமன்றம் செல்லுமுன் இச்சபையின் முன் செல்ல வேண்டும்.

பிற நாடுகளில் இப்பிணக்கைத் தடுக்க அரசாங்கங்களே முன்வந்துள்ளன. தமிழ்நாட்டில் 2017 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புப் பணம் பெறுவதைத் தடுக்கிறது. நம் உறவினர் பலர் வாழும் இங்கிலாந்தில், 2007 ஏப்ரல் முதல் வீட்டுக்காரர் பெறும் வைப்புப் பணம் அரசு அங்கீகரித்த காப்புத் திட்டமொன்றின் கீழ் வைக்கப்பட வேண்டும். தவறினால் அத்தொகையின் மூன்று மடங்கு வரை செலுத்துமாறு நீதிமன்றம் கட்டளையிடலாம். அப்பணம் வாடகைக்காரருடையது என்பதே அந்த ஏற்பாட்டின் அடித்தளம். மனிதர் இயற்றிய சட்டம் இவ்வளவு கண்டிப்பாக இருக்கையில், இறையச்சம் உள்ளவருக்குக் காவலர் தேவையா?

நபித்தோழர் இருவர் வாரிசுச் சொத்துத் தொடர்பாகச் சாட்சியின்றி நபி (ஸல்) அவர்களிடம் வழக்குக் கொண்டுவந்தனர். வாதத்திறமையால் தமக்குரியதல்லாததைப் பெறுபவர் நெருப்பின் ஒரு துண்டையே பெறுகிறார் என நபியவர்கள் எச்சரித்தார்கள். அதைக் கேட்டதும் இருவரும் அழுது, என் உரிமை உனக்கே என ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தனர். ஆயினும் நபியவர்கள் அத்துடன் விடவில்லை. நியாயமாகப் பங்கிட்டு, பின்னர் ஒருவரையொருவர் மன்னித்துக்கொள்ளுமாறு பணித்தார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சி நமக்குப் பெரும் படிப்பினை. கணக்கும் வேண்டும், மன்னிப்பும் வேண்டும்.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

பிள்ளைக்கு அறை பார்க்கச் செல்லும் பெற்றோரே, முற்பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அதைக் கொடுக்கும் ஒழுங்கையும் பிள்ளையின் முன்னிலையிலேயே காட்டிக் கொடுங்கள்.

மாணவர்களே, நால்வர் சேர்ந்து ஓர் அறை எடுக்கிறீர்கள். ஒருவர் விலகும்போது புதிதாக வருபவரிடமிருந்து தம் பங்கைப் பெற்றுக்கொண்டு செல்கிறார். இவ்வாறு ஆட்கள் மாறிக்கொண்டே போக, வீட்டுக்காரரிடமுள்ள பணம் அப்படியே இருக்கும். இறுதியில் அறையை விடுபவர், முதலாமவர் உடைத்த கதவுக்கும் பணம் இழக்கிறார். விலகும் ஒவ்வொருவரும் தம் காலத்துச் சேதத்தைத் தீர்த்துவிட்டே செல்ல வேண்டும். வீட்டுக்காரருக்கும் அறிவியுங்கள்.

அன்பானவர்களே! தொழுகை, நோன்பு, ஸகாத் ஆகிய நன்மைகளுடன் மறுமைக்கு வந்தும், பிறர் பொருளை உண்டதனாலும் பிறரை ஏசியதனாலும் அந்நன்மைகளையெல்லாம் உரியவர்களுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையராக நிற்பவரே உண்மையில் வங்குரோத்தடைந்தவர் என நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். முஸ்லிம் கிரந்தத்திலுள்ள ஹதீஸ் இது. நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கக் காலவரையறை உண்டு. அல்லாஹ்விடம் கடனுக்குக் காலாவதி இல்லை. இன்று பத்தாயிரம் ரூபாவைத் திருப்பிக் கொடுப்பது எளிது. அங்கு நாணயம் நம் தொழுகைகளே.

ஆகவே, இன்றும் உங்கள் கையில் யாருடைய முற்பணமேனும் தங்கியிருந்தால், அவரைத் தேடிச் சென்று கொடுத்துவிடுங்கள். யாருடைய வீட்டிலேனும் நிலுவை வைத்துவிட்டு வந்திருந்தால், அதனையும் தீர்த்துவிடுங்கள். பிறர் உரிமை நம் கையில் இல்லாத நிலையில் நம்மை மரணிக்கச் செய்வானாக! நம் இல்லங்களில் பரக்கத்தையும் நம் அயலவருடன் இணக்கத்தையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.